எழுபது வளைவுகளும் ஒரு கட்டைவிரலும்

1

நாங்கள் ஆக்லாந்து வந்து இறங்கிப் பத்து வருஷம் ஆனதைப் போன ஞாயிற்றுக்கிழமை கொண்டாடினோம். நாலு தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தோம். இறால் தொக்கு, ஆட்டுத்தொடைக் குழம்பு, ஈரல் வறுவல், தலைக்கறி எல்லாம் என் மனைவி சாந்தி சமைத்தாள். கறியை வெட்டிக் கொடுத்தது நான். மசாலா அரைத்துக் கொடுத்தது நான். உப்புப் பார்க்க மட்டும் மகளைக் கூப்பிட்டாள். எல்லோரும் உட்கார்ந்ததும் என் தட்டில் சுரைக்காய்க் கூட்டும் மோர்ச்சோறும் வந்தது.

வந்தவர்களுக்கு இது நல்ல வேடிக்கை. மாலை போட்டிருக்கிறீர்களா என்றார் ஒருவர். வயசாக ஆக பக்தி வருவது சகஜம்தான் என்று இன்னொருவர் ஆறுதல் சொன்னார். பதினாலு வயது மகன் கார்த்தி நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே, அப்பாவுக்கு ராஜாக்களின் வியாதி என்று இங்கிலீஷில் அறிவித்தான். எல்லோரும் சிரித்தார்கள். மாரடைப்பு என்றால் குரலைத் தாழ்த்துகிறார்கள், சர்க்கரை என்றால் தலையாட்டுகிறார்கள், கவுட் என்கிற இந்த மூட்டுவீக்கம் என்றால் சிரிக்கிறார்கள். கால் கட்டைவிரலுக்கு யாரும் இரக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுதுகிறார்கள். ஆக்லாந்தில் பனி விழாது. தனிமையாக இருக்க எனக்கு இங்கே யாரும் நேரம் கொடுத்ததில்லை. ஆகவே ஊரில் இருக்கிற உங்களுக்கு இரண்டு கட்டைவிரல்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று என்னுடையது. இன்னொன்று என் அக்கா வீட்டுக்காரருடையது.

2

தொண்ணூற்றேழு வரை நான் கொல்லிமலையில் உதவி வேளாண்மை அலுவலராக இருந்தேன். வீடு சேந்தமங்கலத்தில். தினமும் மலை பஸ் ஏறிப் போய், குண்டனி நாட்டுக் கிராமங்களில் சாமை விதைக்கிறவர்களிடம் உரத்தைப் பற்றிப் பேசுவேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, நான் கிளம்பியதும் பழையபடியே விதைப்பார்கள். அப்போது நியூசிலாந்துக்காரர்கள் படிப்புக்கு இத்தனை புள்ளி, வயசுக்கு இத்தனை புள்ளி என்று கூட்டிப் பார்த்து விசா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பி.எஸ்ஸி. விவசாயத்துக்கு நல்ல புள்ளி வந்தது. அந்தப் புள்ளி விமான நிலையம் வரைக்கும்தான் செல்லும் என்பது இறங்கிய பிறகு தெரிந்தது. இரண்டாம் மாதம் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

அங்கே ஒரு அதிசயம் பார்த்தேன். ஈரல், கிட்னி, மூளை எதையும் உள்ளூர்க்காரர்கள் அதிகம் சீண்டுவதில்லை. வேலை செய்கிறவர்களுக்குச் சல்லிசாகக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு ஆட்டுக்கு ஒரு ஈரல். அது யார் இலையில் விழுகிறது என்பதில்தான் வந்தவரின் தகுதி தெரியும். மாப்பிள்ளைக்கு ஈரல் வைக்காமல் விட்ட விருந்தைப் பேரன் பேத்தி எடுக்கும் வரைக்கும் பேசுவார்கள். இங்கே வாரத்துக்கு மூன்று நாள் எனக்கு நானே மாப்பிள்ளை மரியாதை செய்துகொண்டேன். கூடவே பீர். தாகத்துக்கு, காசு போட்டால் மெஷினிலிருந்து விழுகிற ஆரஞ்சு சோடா. ஐந்து வருஷத்தில் சட்டை மூன்று அளவு ஏறியது. ஊருக்குப் போட்டோ அனுப்பினேன். இப்போதுதான் நீ ஆளாக இருக்கிறாய் என்று அக்கா ஈஸ்வரி சந்தோஷமாக எழுதினாள்.

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு விடிகாலை வலது கால் கட்டைவிரல் என்னை எழுப்பியது. சிவந்து, வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. போர்வை உரசினாலே உயிர் போனது. சாந்தி அதைச் சுளுக்கு என்று முடிவு செய்து விளக்கெண்ணெயோடு வந்தாள். அவள் விரல் படுவதற்கு முன்பே நான் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா வேலி ஓரம் வந்து, போலீசைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். யாருக்காகக் கூப்பிடுவதாக இருந்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

டாக்டரிடம் நேரம் கேட்டு போன் செய்தால், என்ன தொந்தரவு என்றாள் ஒரு பெண். "லெக் ஃபிங்கர்" வலிக்கிறது என்றேன். காலா, விரலா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றாள். அப்போது பதினோரு வயதான மகள் நித்யா போனை என் கையிலிருந்து வாங்கி, இரண்டே வாக்கியத்தில் விஷயத்தை முடித்தாள். அன்றிலிருந்து வீட்டில் அரசாங்கக் கடிதம், பாங்கு, ஆஸ்பத்திரி எல்லாம் அவள் பொறுப்பு. நான் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவேன்.

டாக்டர் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறவர் மாதிரி கேள்வி கேட்டார். மது எவ்வளவு, கறி எவ்வளவு, இனிப்பு சோடா எவ்வளவு, ரத்த அழுத்தத்துக்கு நீர் போகிற மாத்திரை சாப்பிடுகிறாயா, அப்பாவுக்கு இப்படி இருந்ததா. எல்லாவற்றுக்கும் பாதி உண்மை சொன்னேன். மீதிப் பாதியை ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. யூரிக் ஆசிட் ரத்தத்தில் அளவு மீறினால் மூட்டுக்குள் உப்பு மாதிரி ஊசி ஊசியாகப் படிந்துவிடுமாம். முன்னே ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் வந்த வியாதி, இப்போது உலகம் முழுக்க வருஷா வருஷம் பெருகிக்கொண்டே போகிறது என்றார். ஜனங்கள் கனக்கிறார்கள், அதிக நாள் வாழ்கிறார்கள், கிட்னி தளர்கிறது, திருவிழாவுக்குச் சாப்பிட்டதைத் தினமும் சாப்பிடுகிறார்கள், தண்ணீருக்குப் பதில் சர்க்கரையைக் குடிக்கிறார்கள். பசிபிக் தீவுக்காரர்களுக்கு இது பரம்பரையாகவே அதிகம், அது அவர்கள் தப்பில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என் வயிற்றைப் பார்த்தார்.

ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ரப்பர் செருப்புமாக வேலைக்குப் போனேன். கேன்டீனில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தவிதா, சமோவாத் தீவு ஆண்பிள்ளை, என் காலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இன்னொரு நாற்காலியை இழுத்து என் காலுக்கு முன்னால் போட்டார். பிறகு மேஜை மேஜையாகக் கண்ணைக் காட்டினார். ஒரு டோங்காக்காரர், ஒரு பிலிப்பினோ, ஒரு இங்கிலீஷ்காரக் கிழவர், சீனத்து மேற்பார்வையாளர். எல்லோரும் நம்ம ஆட்கள் என்றார். இந்தப் பத்து வருஷத்தில் இந்த ஊரில் எந்தச் சங்கமும் என்னை இவ்வளவு சீக்கிரம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதில்லை. தவிதா ஏழு வருஷம் ரக்பியில் அடிபட்டது என்று எல்லோரிடமும் பொய் சொல்லியிருக்கிறார். சர்ச்சில் சிரிப்பார்கள் என்ற வெட்கம். அந்த ஏழு வருஷத்தில் கை முட்டியெல்லாம் கட்டி கட்டியாகிவிட்டது. மாத்திரையைத் தினம் போடு, பெருமை பார்க்காதே என்றார். அதை நான் கேட்டுக்கொண்டேன், அந்த விஷயத்தில் மட்டும்.

3

மறு வருஷம் டிசம்பர் கடைசியில் ஊருக்கு வந்தோம். சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், கடைக்குக் கடை வண்ண சோடா பாட்டில், முக்குக்கு முக்கு சில்லி சிக்கன் வண்டி. கறி எடுப்பதற்குத் தீபாவளி வரவேண்டும் என்றிருந்த தெருவில் தினமும் கோழி உரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கேன்டீன் சங்கத்துக்கு இங்கே சீக்கிரம் கிளை திறக்கலாம் என்று சாந்தியிடம் சொன்னேன். வந்ததும் வராததுமாக ஆரம்பிக்காதீர்கள் என்றாள்.

அக்கா வீட்டுக்காரர் குப்புசாமி மச்சான் பஸ் டிரைவர். கொல்லிமலை லைன். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, எழுபது வளைவு இறங்கி, பதினெட்டு வருஷமாக ஒரு தகரத்தில்கூடக் கீறல் இல்லாமல் ஓட்டியவர். மலையில் கல்யாணம் என்றால் கலெக்டருக்கு முன்னால் அவருக்குப் பத்திரிகை வைப்பார்கள். அவர் வண்டியில் நான் ஆபீசுக்குப் போன காலத்தில், டிரைவருக்கு மச்சினன் என்பதால் எனக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. வேளாண்மை அலுவலர் என்பதால் கிடைக்கவில்லை.

முதல் நாள் விருந்தில் என் இலையிலும் அவர் இலையிலும் ஈரல் விழுந்தது. நான் தொடவில்லை. அக்காவின் முகம் சுருங்கியது. அப்போதுதான் கவனித்தேன், மச்சான் உட்காரும்போது வலது காலை நீட்டி, வேட்டியை இழுத்து மூடினார். எழுந்து கை கழுவப் போகையில் குதிகாலில் நடந்தார். நான் பின்னாலேயே போய்க் குழாயடியில் பார்த்தேன். கட்டைவிரல் சிவந்து, வீங்கி, பளபளவென்று இருந்தது. அந்த விரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

வாயு என்றாள் அக்கா. ஒரு வருஷமாகவே வந்து வந்து போகிறதாம். வைத்தியம் விடாமல் நடக்கிறது. கால் வலிக்கு ஆட்டுக்கால் சூப். பேளுக்குறிச்சிச் சந்தையில் தேர்ந்தெடுத்து வாங்கிய மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ஒரு மண்டலம் கொடுத்து முடித்து, இரண்டாம் மண்டலம் ஓடிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து, மூட்டுவலிக்கு நல்லது என்கிற முடவாட்டுக்கால் கிழங்கும் வரும். அந்தக் கிழங்கோடு நிறுத்தியிருந்தால்கூட இத்தனை கெடுதல் இருந்திருக்காது. வெறும் கிழங்குச்சாறு குடிப்பது டிரைவர் வீட்டுக்குக் கௌரவமில்லை என்று அதிலும் நெஞ்செலும்பைப் போட்டுக் கொதிக்கவைத்தாள். வலி அதிகமானால் சூப்பும் அதிகமாகும்.

இதற்கு மேல் மலை ஓட்டல். பஸ் நிற்கிற ஓட்டலில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். சாதாரண டிரைவருக்குக் குழம்பு ஊற்றுவார்கள். மச்சானுக்கு ஈரல், குடல், ரத்தப் பொரியல், கேட்காமலே இன்னொரு கரண்டி. டிரைவர் நொண்டுகிறார் என்று கேள்விப்பட்ட ஓட்டல்காரர், பாவம் என்று கால் சூப்பையும் சேர்த்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஒரு மனிதனை மதித்தே சாய்த்துவிடலாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அன்று சாயங்காலமே சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் யூரிக் ஆசிட் பற்றி வகுப்பு எடுத்தேன். ஆட்டுக்கால் சூப்தான் காலைக் கெடுக்கிறது என்றேன். பெரியப்பா மகன் ஒருவர், ஏரோப்ளேன் ஏறினால் சூப்புகூடக் கெட்டதாகிவிடுமா என்று பொதுவாகக் கேட்டார். சபை சிரித்தது. மச்சானும் சிரித்தார். ஊசி போட்டால் சரியாகப் போகிறது என்றார் அவர். டியூட்டிக்குப் போகுமுன் டவுனில் ஒருவரிடம் வலி ஊசி போட்டுக்கொண்டு போவாராம். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

4

பிள்ளைகளுக்கு மலையைக் காட்ட மச்சான் வண்டியிலேயே போனோம். நித்யா பதினேழாம் வளைவில் வாந்தி எடுத்தாள். கார்த்தி இருபத்திரண்டு வரை தாக்குப்பிடித்தான். அப்பா தினமும் இதில் போய்வந்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஏன் என்று கேட்டான்.

இறங்கும்போது நான் மட்டும் முன்னால், எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி நிறைய ஜனம். வாழைத்தார், பலாப்பழம், மடியில் குழந்தைகள், பின் சீட்டில் சோர்ந்துபோன என் இரண்டு பிள்ளைகள். முதல் சில வளைவுகள் வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு மச்சானின் வலது கால் பெடலை விட்டு மெதுவாக விலகி, வலப்பக்கக் கதவோரத்தில் சாய்ந்துகொண்டது. செருப்பு இல்லை. அடுத்த வளைவு வந்தது. அவருடைய இடது கால் கிளட்சிலிருந்து எழுந்து, குறுக்கே வந்து, பிரேக்கை மிதித்தது.

வளைவுக்கு வளைவு இதேதான். கியர் மாற்ற வேண்டி வந்தால் இடது கால் பிரேக்கை விட்டுக் கிளட்சுக்கு ஓடும். அந்த நேரம் வண்டி சும்மா உருளும். ஒரு வளைவில் கீழேயிருந்து லாரி வந்தது. மச்சான் நிறுத்த வேண்டியிருந்தது. வண்டி நின்றது, ஆனால் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு முழம் போய் நின்றது. அவர் நெற்றியில் வியர்வை. கை மட்டும் ஆடவில்லை. கண்டக்டர் சேகர் முன் படியில், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். நான் பின்னால் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தேன். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை.

அடிவாரத்தில் காரவள்ளியில் வண்டி நின்றதும் மச்சான் இறங்கி முகம் கழுவினார்.

"பாத்துட்டீங்களா மாப்ள?"

"பாத்தனுங்க மச்சான்."

"அக்காகிட்டச் சொல்லிப்போடாதீங்க. டெப்போவுக்குத் தெரிஞ்சா மலை லைன எடுத்துப்போடுவாங்க. அப்புறம் நான் யாருங்க?"

சொல்லமாட்டேன் என்றேன். அதோடு இன்னொன்றும் செய்தேன், அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் பெட்டியிலிருந்த யூரிக் ஆசிட் மாத்திரையில் இரண்டு அட்டையை அவர் கையில் கொடுத்து, இன்றே ஆரம்பியுங்கள் என்றேன். வீக்கம் இருக்கும்போது இதைப் புதிதாகத் தொடங்கினால் வலி பொங்கிவிடும், பொறுத்துத்தான் தொடங்கவேண்டும் என்று ஆக்லாந்து டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் வைத்தியராகிவிட்ட மிதப்பில் அது நினைவுக்கு வரவில்லை. மச்சானோ, வெளிநாட்டு மாத்திரை, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் சீக்கிரம் கேட்கும் என்று இரண்டிரண்டாகப் போட்டார்.

மூன்றாம் நாள் வலது கணுக்காலும் இடது கட்டைவிரலும் சேர்ந்து வீங்கின. மச்சானால் எழுந்து நிற்க முடியவில்லை. வெளிநாட்டு மாத்திரை ஆளை முடக்கிவிட்டது என்று தெரு முழுக்கப் பேச்சு. அதில் பொய் எதுவும் இல்லாததால் நான் வெளியே தலைகாட்டவில்லை.

கண்டக்டர் சேகர் பார்க்க வந்தார். போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, நல்லதாகப் போயிற்று என்றார் மெதுவாக. ஆறு மாதமாக அவர் பின் படியில் நிற்பதே இல்லையாம். இறக்கத்தில் கட்டையும் கையுமாக முன் படியில்தான் நிற்கிறாராம். மலைப் பெண்கள் ஏறும்போதே, அண்ணன் நிதானமாகப் போகட்டும், எங்களுக்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டு ஏறுகிறார்களாம். ஓட்டல்காரருக்குத் தெரியும். எதிரே வருகிற லாரிக்காரர்களுக்குத் தெரியும். அந்த வண்டியைக் கண்டால் வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நின்றுவிடுவார்களாம். இவ்வளவு பேருக்குத் தெரிந்தும் யாரும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படிங்க சொல்றது? அவரு மூஞ்சியில எப்படிங்க முழிக்கறது?"

ஒரு மலையே தன் பிள்ளைகுட்டிகளை அந்த வண்டியில் ஏற்றிவிட்டு, டிரைவர் மனசு நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தது. கோபமாக வந்தது. நானும் அதேபோலச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன்தானே என்று நினைத்ததும் கோபத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

5

நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் போனோம். மச்சான், அக்கா, நான். ரத்தம் எடுத்தார்கள். யூரிக் ஆசிட் ஏறிக் கிடந்தது. போதாததற்கு வலி ஊசி போட்டுப் போட்டுக் கிட்னியும் சோர ஆரம்பித்திருந்தது. இப்போதே வந்ததால் பிழைத்தது என்றார் டாக்டர். ஆட்டுக்கால் சூப் கதையைக் கேட்டு அக்காவை ஒரு பார்வை பார்த்தார். மாத்திரை கொடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். நீங்கள் டாக்டரா என்றார். விவசாயம் படித்திருக்கிறேன் என்றேன்.

"அப்ப நெலக்கடலைக்குப் பாருங்க. மனுசங்களை எங்ககிட்ட உட்ருங்க."

எனக்கு அது வேண்டியதுதான். டாக்டர் மருந்து எழுதி, ஒரு வாரம் லீவுக்குச் சர்ட்டிபிகேட் எழுத எடுத்தார். மச்சான், சுளுக்கு என்று எழுதினால் போதும் என்றார். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். பஸ் ஆபீஸில் என்றார் மச்சான். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு வாரம் கழித்து ஊசி போட்டுக்கொண்டு மறுபடி அந்த சீட்டில் ஏறி உட்காருவார். சேகர் கட்டையோடு முன் படியில் நிற்பார்.

"டாக்டர், இவரு டிரைவருங்க," என்றேன். "கொல்லிமலை வண்டி. ஆறு மாசமா இடது கால்லதான் பிரேக் புடிக்கறாருங்க."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டார். அக்கா மச்சானைப் பார்த்தாள். மச்சான் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் சர்ட்டிபிகேட்டில் டாக்டர் நீளமாக எழுதினார்.

டெப்போவில் தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் வண்டி வரும் நேரம் போகும் நேரம் எழுதுகிற அறை. மலை வண்டி அந்த அறை ஜன்னலுக்கு நேர் எதிரேதான் நிற்கும். வேறொருவர் ஏறி உட்கார்ந்து எடுத்துப் போவதை மச்சான் நோட்டில் எழுதவேண்டும்.

யாரும் என்னைத் திட்டவில்லை. கிளம்புகிற நாள் விருந்தில்கூட முதல் ஈரல் என் இலையில்தான் விழுந்தது. அக்கா கரண்டியை வைத்த விதத்தில் அதை மறுக்கமுடியாது என்று தெரிந்தது. மூன்று வாரம் காத்த பத்தியத்தைப் போட்டு உடைத்து முழுவதும் தின்றேன். சிங்கப்பூரில் விமானம் மாறும்போது கட்டைவிரல் வீங்கி, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினார்கள். கார்த்தி யாரோ தெரியாதவர்கள் மாதிரி இருபதடி தள்ளி நடந்தான். வழியனுப்ப மச்சான் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. அவர் வேலை பார்த்த அறை அதே பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தது.

6

அதன்பிறகு மூன்றரை வருஷம் மச்சான் என்னோடு பேசவில்லை. அக்காவோடு போனில் பேசுவேன். பின்னால் அவர் இருமுவது கேட்கும். மச்சான் எங்கே என்றால், வெளியே போயிருக்கிறார் என்பாள். இருமல் நிற்கும்.

இந்த மூன்றரை வருஷமும் நான் செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தவிதாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவரும் சரிதான் என்றார். கொஞ்சம் யோசித்து, உனக்குச் சொல்வது சுலபம், நீ அங்கே இருக்கப்போவதில்லையே என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் அவர் மேஜைக்குப் போகாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

போன ஞாயிறு விருந்தாளிகள் போனபிறகு அக்கா போன் செய்தாள். பத்து வருஷத்துக்கு வாழ்த்துச் சொன்னாள். கார்த்தியிடம் கொடுக்கச் சொன்னாள். கார்த்தி போனை வாங்கி, ஹலோ அத்தை, சாப்பிட்டாச்சு, தேங்க்ஸ் என்று அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் செலவழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். காதில் வைத்தால் மச்சான் குரல்.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வருஷத்துக்கு மேலாயிற்று வலி வந்து, மாத்திரை தவறாமல் போடுகிறேன், கிட்னியும் பரவாயில்லை என்கிறார்கள் என்றார். மலை வண்டி திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். வயசாயிற்று, ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்தான் என்றார்.

"நீங்க டாக்டர்கிட்டச் சொன்னது சரிதானுங்க மாப்ள," என்றார். "அதுல எனக்கு வருத்தமில்லீங்க. வண்டியில உங்க கொழந்தைகளும் இருந்துச்சு."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் விடவில்லை.

"உள்ளூர்க்காரன் எவனாச்சும் சொல்லியிருந்தா நாலு நாளைக்கு அவன்கூட மல்லுக்கு நின்னுருப்பேன். அஞ்சாம் நாள் ரெண்டு பேரும் ஒரே கடையில டீ குடிச்சிருப்போம். நீங்க சொல்லிப்போட்டு ஏரோப்ளேன் ஏறிட்டீங்க. நான் யாருகூடப் போயிச் சண்டை போடறதுங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை நாளாக அவருக்குப் புரியாமல் இருந்த ஒன்றை என்னிடம் கேட்டார், அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அசட்டுத்தனமாக எதையோ சொல்லி வைத்தேன்.

டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நித்யாவுக்கு விடுமுறை வேலை இருக்கிறதாம். கார்த்திக்கு எழுபது வளைவும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாந்திக்கு லீவு இல்லை. நான் மட்டும் போகிறேன். அக்கா வீட்டில் ஐந்து நாள் தங்கப்போகிறேன், நாலு நாள் சண்டை போட வேண்டியிருக்கிறது என்று மச்சானிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.